தப்பான ரீடிங்கை அழிக்காத மனிதர்



போன செமஸ்டரில் எங்கள் குழு ஆறு கான்கிரீட் கட்டிகள் செய்தது. ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் கனசதுரம். 28 நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, பிறகு அழுத்தும் இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதுதான் ரீடிங். ஐந்து கட்டிகள் 30 மெகாபாஸ்கலைத் தாண்டிவிட்டன. ஆறாவது கட்டி 19-லேயே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

மணி மாலை ஐந்தரை. நாங்கள் நாலு பேர். திரும்பச் செய்வதென்றால் இன்னும் 28 நாள். ரிப்போர்ட் கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. யார் முதலில் சொன்னது என்று இப்போது ஞாபகமில்லை, ஒருவேளை நானாகவே இருக்கலாம். 19-ஐ 31 என்று எழுதிவிட்டோம். ஒரே ஒரு நம்பர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லிக்கொண்டு மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அன்றைக்கு நல்லாத்தான் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, நம் இயக்கத்து அண்ணன் ஒருவர் போன் பண்ணி, இளைஞர் முகாமில் காந்தியைப் பற்றி இருபது நிமிடம் பேசு தம்பி என்றார். எனக்குக் காந்தி என்றால் ரூபாய் நோட்டில் இருக்கும் சிரிப்பு, சுங்கை சிப்புட்டில் அவர் பெயரில் இருக்கும் தமிழ்ப்பள்ளி, அவ்வளவுதான். வீட்டில் தாத்தா வைத்துவிட்டுப் போன சத்திய சோதனை புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்து, பழுப்பேறி, பூச்சி அரித்த புத்தகம். தாத்தா தோட்டத்தில் மரம் வெட்டியவர். அதை எப்போது வாங்கினார், எப்போது படித்தார் என்று யாருக்கும் தெரியாது.

சோதனை என்றால் கஷ்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்ன சோதனைடா சாமி என்று பாட்டி பெருமூச்சு விடுவாங்களே, அந்த மாதிரி. படித்த பிறகுதான் புரிந்தது. குஜராத்தியில் காந்தி வைத்த பெயரில் இருப்பது பிரயோகம் என்ற சொல். அதாவது எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்கிறோமே, அந்தச் சோதனை. அந்த மனிதர் தன்னையே கட்டியாகப் போட்டு, தன்னையே உடைத்துப் பார்த்து, வந்த ரீடிங்கை வந்தபடியே எழுதி வைத்திருக்கிறார். 19 வந்த இடத்தில் 19 என்றே இருக்கிறது.

முகாமில் நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரு வார்த்தையும் ஒரு துண்டுத் தங்கமும்

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்தார். அப்பா கரம்சந்த் அந்தச் சிறிய சமஸ்தானத்தில் திவான், பிறகு ராஜ்கோட்டிலும் திவான். அம்மா புத்லிபாய், விரதம் தவறாதவர். பையன் படிப்பில் சுமார். ரொம்பக் கூச்சம். பள்ளி முடிந்ததும், யாராவது பேச்சுக் கொடுத்து விடுவார்களோ என்று வீட்டுக்கு ஓடி வந்துவிடுவானாம்.

உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம். கல்வி அதிகாரி ஒருவர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். அதில் ஒன்று கெட்டில். மோகன் அதைத் தப்பாக எழுதினான். ஆசிரியர் பார்த்துவிட்டு, பூட்ஸ் நுனியால் காலை மெல்லத் தட்டி, பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதிக்கொள் என்று சாடை காட்டினார். இவனுக்கு அது புரியவே இல்லை. நாம் காப்பியடிக்காமல் இருக்கத்தானே ஆசிரியர் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டான். கடைசியில் வகுப்பில் எல்லாரும் சரி, இவன் ஒருவன் மட்டும் தப்பு. நீ ஒரு மக்கு என்கிற மாதிரி ஆசிரியர் பின்னால் பேசினாராம்.

இந்தக் கதையை நாம் எல்லாரும் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் காந்தி பிறக்கும்போதே உத்தமர் என்று ஆகிவிடும். அவர் அப்படி இல்லை. அடுத்த சில வருடங்களில் நடந்ததைப் பாருங்கள்.

பீடி, சிகரெட்டு பிடித்துப் பார்க்க ஆசை வந்து, வேலைக்காரரின் சில்லறைக் காசைத் திருடினான். பிறகு ஒரு நண்பன், மாமிசம் சாப்பிட்டால்தான் வெள்ளைக்காரனை விரட்டும் பலம் வரும் என்று சொல்ல, வைஷ்ணவக் குடும்பத்துப் பையன் ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டான். ஏறக்குறைய ஒரு வருடத்தில் ஐந்தாறு தடவை இப்படி. அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, பசி இல்லை, வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் பொய். கடைசியில் அவனை நிறுத்தியது மாமிசம் இல்லை, அந்தப் பொய். சாப்பிடுவதைவிட அம்மாவை ஏமாற்றுவதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

பதினைந்து வயதில் பெரிய திருட்டு. அண்ணனுக்கு 25 ரூபாய் அளவுக்குக் கடன். அண்ணன் கையில் கெட்டித் தங்கக் காப்பு இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து விற்றுக் கடனை அடைத்தார்கள். கடன் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது. மாட்டிக்கொள்ளவும் இல்லை.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாட்டிக்கொள்ளாத தப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியுமே.

மோகன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினான். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. செய்ததை ஒத்துக்கொண்டு, தக்க தண்டனை கேட்டு, அப்பா தன்னையே வருத்திக்கொள்ளக் கூடாது என்றும் கேட்டு, இனிமேல் திருட மாட்டேன் என்று உறுதி எழுதிக் கொடுத்தான். அப்பா அப்போது நோயாளி. மரப்பலகைக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அடி இல்லை, திட்டு இல்லை. அதற்கு அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

எழுதிக் கொடுத்ததில் ஒரு விஷயம் கவனியுங்கள். நண்பன்தான் கெடுத்தான், அண்ணன்தான் கடன் வாங்கினான் என்று சொல்ல மோகனுக்கு இடம் இருந்தது. உண்மையில் கடன் அண்ணனுடையதுதான். ஆனால் தன் பங்கை மட்டும் எடுத்து முன்னால் வைத்தான்.

காசுக் கணக்கு

1888 செப்டம்பரில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். மாமிசம், மது, பெண் தொடர்பு மூன்றும் வேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம். போன புதிதில் ஆள் நம்மை மாதிரிதான். நல்ல சூட்டு, உயரத் தொப்பி, நடன வகுப்பு, வயலின் வகுப்பு என்று வெள்ளைக்காரக் கனவானாக ஆகப் பார்த்தார். கொஞ்ச மாதத்தில் தெளிந்தது. அண்ணன் அனுப்பும் காசு இது என்பது உறைத்தது.

அதற்கு அவர் செய்த வேலை ரொம்பச் சாதாரணமானது. கணக்கு எழுதினார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை, எல்லாம். இரவு படுக்கப் போகும் முன் கூட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கம். இந்தப் பழக்கத்தைக் கடைசி வரை விடவில்லை. பின்னாளில் இலட்சக்கணக்கில் பொதுப் பணம் அவர் கையில் புரண்டபோதும் கடன் நிற்கவில்லை, மிச்சம்தான் இருந்தது என்றால், அதற்கு வேர் இந்த லண்டன் நோட்டில் இருக்கிறது. நேர்மை என்பது பெரிய மேடையில் திடீரென்று வருவது இல்லை போல. அது பஸ் டிக்கெட்டில் தொடங்குகிறது.

லண்டனிலும் ஒரு சறுக்கல். பதின்மூன்று வயதிலேயே கஸ்தூரிபாவைக் கல்யாணம் செய்து, ஒரு பிள்ளைக்கும் அப்பா. ஆனால் அங்கே இந்திய மாணவர்கள் பலர் கல்யாணம் ஆகாதவர்கள் மாதிரி நடித்தார்கள். இவரும் நடித்தார். பிரைட்டனில் பழக்கமான ஒரு வயதான அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, இளம் பெண்களை அறிமுகம் செய்து வைக்க ஆரம்பித்தார். விஷயம் எங்கே போகிறது என்று தெரிந்ததும் காந்திக்கு வியர்த்தது. உட்கார்ந்து, பலமுறை எழுதித் திருத்தி, உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் போட்டார். இதற்கு முன்பே சொல்லாதது தன் தப்பு என்றும் எழுதினார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லிப் பதில் போட்டார். நாம் நினைக்கிற அளவுக்கு உண்மை எப்போதும் வீட்டை இடிப்பதில்லை.

கேபிள் இழுக்கப் போன கதை

1891-ல் வக்கீலாக ஊர் திரும்பினார். அம்மா இறந்துபோன செய்தி அப்போதுதான் சொன்னார்கள். பம்பாயில் கிடைத்த முதல் வழக்கு, 30 ரூபாய் கட்டணம். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றி, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், வேறு வக்கீலை வையுங்கள் என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

ராஜ்கோட்டில் இன்னொரு அவமானம். அண்ணன் மேல் ஒரு குற்றச்சாட்டு, அது வெள்ளைக்கார அதிகாரியிடம் இருந்தது. அந்த அதிகாரி லண்டனில் காந்திக்குக் கொஞ்சம் பழக்கம். நீ போய் ஒரு வார்த்தை சொல்லு என்றார் அண்ணன். நம் ஊரில் கேபிள் இழுப்பது என்கிறோமே, அதேதான். காந்திக்கு இஷ்டமில்லை. அண்ணன் குற்றமற்றவர் என்றால் முறைப்படி மனுக் கொடுக்கட்டும் என்று தோன்றியது. ஆனாலும் அண்ணன் முகத்துக்காகப் போனார். அதிகாரி, உன் அண்ணன் முறைப்படி வரட்டும், நீ கிளம்பு என்றார். இவர் நின்று மேலும் பேச, சேவகன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான்.

வழக்குப் போடத் துடித்தார். பெரோஸ்ஷா மேத்தா போன்ற பெரியவர், பேசாமல் விழுங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். கசப்பு மருந்துதான். ஆனால் காந்தி அதில் தன் பங்கையும் பார்த்தார். தள்ளியது அதிகாரியின் திமிர். போகக் கூடாத இடத்துக்குத் தப்பு என்று தெரிந்தே போனது தன் முடிவு. பழக்கத்தைப் பயன்படுத்தி இனி ஒரு காரியமும் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார். குடும்பம் கேட்கும்போது இல்லை என்று சொல்வதுதான் எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு கூட்டல் கணக்கு

1893 மே மாதம் டர்பனில் இறங்கினார். தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்கு உதவ, ஒரு வருடத்துக்கு 105 பவுன் சம்பளம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் முதல் வகுப்பிலிருந்து அவரைத் தள்ளிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதனால் வழக்கின் கதையைச் சொல்கிறேன்.

40,000 பவுன் வழக்கு. முழுக்கக் கணக்குப் புத்தகங்கள். காந்திக்குக் கணக்கியல் தெரியாது. பிராமிசரி நோட்டுக்கு எழுதும் சுருக்கெழுத்துகூடப் புரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டவில்லை. குமாஸ்தாவிடம் கேட்டார், கணக்கியல் புத்தகம் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்கத் தன் கட்சிக்காரர் பக்கம் நியாயம் என்று தெரிந்தது. ஆனால் எதிராளியும் உறவுக்காரர், அதே ஊர்க்காரர். வழக்கு இழுத்தால் இரண்டு குடும்பமும் வக்கீல் செலவிலேயே மூழ்கிவிடும். இருவரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். தாதா அப்துல்லா ஜெயித்தார். எதிராளி தயப் சேட் 37,000 பவுனும் செலவும் கட்ட வேண்டும். ஒரே தடவையில் கட்டினால் திவால். காந்தி தன் கட்சிக்காரரிடமே மல்லுக்கட்டி, நீண்ட காலத் தவணைக்கு ஒத்துக்கொள்ள வைத்தார்.

பிறகு அங்கேயே தொழில் செய்தபோது நடந்தது இன்னும் கஷ்டமானது. ஒரு பெரிய வழக்கில் மத்தியஸ்தர்களின் தீர்ப்பு முழுக்க இவர் கட்சிக்காரருக்குச் சாதகம். ஆனால் கணக்கில் ஒரு சின்னத் தப்பு. பற்றில் வர வேண்டிய தொகை வரவில் விழுந்திருந்தது. எதிர்த்தரப்பு வேறு காரணம் காட்டித் தீர்ப்பை எதிர்த்தார்கள். இந்தத் தப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை.

மூத்த வக்கீல் சொன்னார், நாமாக ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் கோர்ட்டு முழுத் தீர்ப்பையுமே ரத்து செய்யலாம். எந்த வக்கீலும் இப்படிக் கட்சிக்காரரை ஆபத்தில் மாட்டிவிட மாட்டான். இது முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆபத்து நிஜமானது. காந்தி ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றார். அப்படியானால் நான் வாதாட மாட்டேன் என்றார் மூத்தவர். கட்சிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காந்தி அவரைக் கேட்டார். பணம் அவருடையது, அதனால் முடிவும் அவருடையது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒத்துக்கொண்டே நீங்கள் வாதாடுங்கள், தோற்றால் தோற்போம் என்றார்.

கோர்ட்டில் காந்தி தப்பைச் சொன்னதும், இது ஏதோ தந்திரமோ என்று ஒரு நீதிபதி சந்தேகப்பட்டார். காந்திக்கு உள்ளே கொதித்தது. ஆனாலும் பொறுமையாக விளக்கினார். இது வேண்டுமென்று செய்ததல்ல, கை தவறி வந்தது என்று நீதிபதிகளுக்குப் புரிந்தது. தப்பை மட்டும் திருத்திக்கொண்டு தீர்ப்பை அப்படியே விட்டார்கள்.

ஜெயித்ததால் இந்தக் கதை நமக்கு இனிக்கிறது. ஆனால் வாயைத் திறந்த நிமிடத்தில் ஜெயிப்போமா என்று காந்திக்குத் தெரியாது. முடிவு எடுப்பது என்றால் அந்த நிமிடம்தான்.

தலைப்பாகையைக் கையில் பிடித்த தமிழர்

1894-ல் டர்பனில், காந்தி தொழில் தொடங்கிச் சில மாதம்தான். ஒரு நாள் ஒரு தமிழர் அவர் அலுவலகத்துக்கு வந்தார். கிழிந்த துணி, முன் பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம், உடம்பெல்லாம் நடுக்கம், தலைப்பாகை கையில். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்திருக்கிறார். அலுவலகத்தில் குமாஸ்தாவும் தமிழர், அவர்தான் விஷயத்தை எடுத்துச் சொன்னார்.

வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். காந்தி முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கி, நீதிபதியிடம் அழைத்துப் போனார். முதலாளியைச் சிறைக்கு அனுப்புவதில் அவர் குறியாக இல்லை. பாலசுந்தரம் அந்த இடத்திலிருந்து விடுபட வேண்டும், அவ்வளவுதான். வேறொரு முதலாளியைத் தானே தேடிப் பிடித்து ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார்.

இது அவர் வழக்கு இல்லை, அவர் ஊர் இல்லை, அவர் மொழிகூட இல்லை. ஆனால் ஆள் தன் வாசலில் வந்து நின்ற பிறகு, பார்க்காத மாதிரி இருப்பதும் ஒரு முடிவுதான் என்று அவருக்குத் தெரிந்தது. நம் கொள்ளுத் தாத்தாமார் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியதும் அதே காலம்தான், பலருக்கும் அதே மாதிரி ஒப்பந்தம்தான். அதனால் பாலசுந்தரம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்துப் பின்னாளில் நடந்த போராட்டத்தில், தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். சிறை சென்று நோயோடு வந்து 1914-ல் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. அந்த வருடமே வரி ஒழிந்தது.

கஸ்தூரிபாவின் கேள்வி

1901-ல் இந்தியா திரும்பக் கிளம்பும்போது, மக்கள் தங்கம், வெள்ளி, வைரம் என்று பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாவுக்கு மட்டும் 50 கினி பெறுமான தங்கச் சங்கிலி. காந்திக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. பொதுத் தொண்டு செய்ததற்குக் கிடைத்தது தன்னுடையதா? விடிவதற்குள் எல்லாவற்றையும் அறக்கட்டளைக்கு எழுதிக் கடிதமும் தயார்.

பிள்ளைகள் சீக்கிரம் ஒத்துக்கொண்டார்கள். கஸ்தூரிபா ஒத்துக்கொள்ளவில்லை. என் சங்கிலியைக் கொடுக்க நீங்கள் யார், நாளைக்கு வரும் மருமகள்களுக்கு என்ன போடுவது, நீங்கள் செய்த தொண்டில் இரவும் பகலும் நான் உழைத்தது சேர்த்தி இல்லையா என்று அழுதார். எனக்கு அவர் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. காந்தியும் அதை மறைக்கவில்லை. அவர் சம்மதத்தை எப்படியோ வற்புறுத்தித்தான் வாங்கியதாகத் தானே எழுதுகிறார். நகைகள் சமூகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, பின்னாளில் பயன்பட்டன.

இன்னொரு நாள் டர்பன் வீட்டில், விருந்தாளி ஒருவரின் கழிவுப் பானையைக் கஸ்தூரிபா முகம் சுளிக்காமல் எடுக்கவில்லை என்று, மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வாசல் வரை கொண்டுபோனார் காந்தி. அந்நிய ஊரில் நான் எங்கே போவேன் என்று அவர் கண்ணீரோடு கேட்ட பிறகுதான் புத்தி வந்து கதவைச் சாத்தினார்.  கால் நூற்றாண்டு கழித்து, நாடே மகாத்மா என்று கும்பிடும் நேரத்தில், இதை அவரே எழுதி அச்சில் போட்டார். தன்னை நல்லவனாகக் காட்ட நினைக்கும் ஆள் செய்கிற வேலையா இது? மூத்த மகன் ஹரிலால் படிப்பு விஷயத்தில் அப்பாவை மன்னிக்கவே இல்லை. நேர்மையாக இருப்பதும் எப்போதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

நாடே பார்க்கும்போது

1915-ல் இந்தியா திரும்பினார். 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் சத்தியாக்கிரகம். காந்தி கைதான செய்தி பரவியதும் அகமதாபாத்திலும் பக்கத்து ஊர்களிலும் மக்கள் வன்முறையில் இறங்கினார்கள். ஆட்கள் செத்தார்கள். தொண்டர்கள் மேல் பழி போடலாம், போலீஸ் மேல் போடலாம். அவர் நதியாத்தில் கூட்டத்துக்கு முன் நின்று, மக்கள் பக்குவப்படும் முன்பே அழைத்தது தான் செய்த தப்பு, அது இமயமலை அளவுத் தப்பு என்று ஒத்துக்கொண்டார். மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்து, போராட்டத்தை நிறுத்தினார். பலர் கேலி செய்தார்கள்.

மூன்று வருடம் கழித்து இதைவிடப் பெரிது. ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தது. பர்தோலியில் வரி கொடாப் போராட்டம் தொடங்க நாள் குறித்தாகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறையில். 1922 பிப்ரவரி 4-ல் கோரக்பூர் மாவட்டம் சௌரி சௌராவில், போலீஸ் சுட்டதில் ஆத்திரமடைந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. 20-க்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் செத்தார்கள். பிப்ரவரி 12-ல் இயக்கம் நிறுத்தப்பட்டது. ஐந்து நாள் உண்ணாவிரதம். சிறையில் இருந்த மோதிலால் நேருவும் லாலா லஜபதி ராயும் கொதித்தார்கள். எங்கோ ஒரு கிராமம் செய்த தப்புக்கு நாடு முழுவதையும் தண்டிப்பதா என்று கேட்டார்கள். இன்றைக்கும் அந்த முடிவு சரியா தப்பா என்று வரலாற்று ஆசிரியர்கள் வாதாடுகிறார்கள்.

சரியோ தப்போ, முடிவு எடுத்தவர் அதன் பின்னால் ஒளியவில்லை. மார்ச் 10-ல் கைது. மார்ச் 18-ல் அகமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு முன்னால் விசாரணை. தொழில் என்ன என்று கேட்டதற்கு விவசாயி, நெசவாளி என்றார். குற்றத்தை ஒத்துக்கொண்டார். சௌரி சௌரா உட்பட நடந்த வன்முறைகளிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, உச்சபட்ச தண்டனையைக் கேட்டார். ஆறு வருடம் கிடைத்தது. குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 1924 பிப்ரவரியில் விடுதலை. 1925 முதல் தன் பத்திரிகையில் வாராவாரம் தன் கதையை எழுத ஆரம்பித்தார். அதுதான் தாத்தாவின் பூச்சி அரித்த புத்தகம். 1948 ஜனவரி 30-ல் சுடப்பட்டு இறந்தபோது, பெட்டியில் வைத்துப் பூட்ட அவரிடம் சொத்து என்று ஒன்றும் இல்லை.

ஆறாவது கட்டி

படித்து முடித்தபோது இரவு இரண்டு மணி. முகாமில் இதைப் பேசிவிட்டு வந்து, 31 என்று எழுதிய தாளை அப்படியே வைத்திருக்க முடியுமா?

நேராக விரிவுரையாளரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கஸ்தூரிபாவின் கேள்விதான் தடுத்தது. அந்த ரிப்போர்ட்டில் நாலு பேர் மார்க் இருக்கிறது. நான் மகாத்மா ஆக அவர்கள் சங்கிலியைக் கழற்றலாமா? அதனால் முதலில் குழுவைக் கூப்பிட்டேன். ஒருவன் சரி என்றான். ஒருத்தி அழுதாள். பிடிபிடிஎன் கடனில் படிப்பவள், நல்ல தேர்ச்சி வந்தால் கடன் கழியும் என்று எண்ணியிருந்தாள். இன்னொருவன், உனக்கு நல்ல பெயர் வேண்டுமென்றால் என் மார்க்கை ஏன் எடுக்கிறாய் என்று நேராகவே கேட்டான். எனக்குப் பதில் இல்லை. மூன்று நாள் பேசினோம். என் பங்கை மட்டும் சொல்லி, மற்றவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வழி தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் அழுதவள்தான் சொன்னாள், சேர்ந்துதானே எழுதினோம், சேர்ந்தே போவோம் என்று.

அந்த ரிப்போர்ட்டுக்குப் பாதி மார்க் போனது. விரிவுரையாளர் அதிகம் திட்டவில்லை. ஆறாவது கட்டி ஏன் 19-ல் உடைந்தது என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் யோசித்தோம். அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் நன்றாகக் குத்த வேண்டும். கடைசிக் கட்டியில் அவசரத்தில் சரியாகக் குத்தவில்லை, உள்ளே காற்றுப் பொந்து. ஐந்து நல்ல கட்டிகளைவிட அந்த உடைந்த கட்டிதான் எங்களுக்குப் பாடம் சொல்ல வைத்திருந்தது. அதைத்தான் நாங்கள் அழித்திருந்தோம். நாளைக்கு ஒரு மேம்பாலத் தூணில் அதே அவசரம் வந்தால் அது ஒரே ஒரு நம்பராக இருக்காது.

கேள்வி கேட்ட நண்பன் இன்னும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. காந்தியின் லண்டன் அம்மா மாதிரி எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. அதற்கும் நான்தான் பொறுப்பு.

உங்களுக்கும் ஒரு ஆறாவது கட்டி இருக்கும். வராத நண்பனுக்குப் போட்ட கையெழுத்தோ, சாலையில் நீட்டிய காப்பிக் காசோ, வீட்டில் சொன்ன பொய்யோ. பெரிய போராட்டம் ஒன்றும் வேண்டாம். இன்றிரவு படுக்கப் போகும் முன் ஒரு நோட்டை எடுத்து, வந்த ரீடிங்கை வந்தபடி எழுதிப் பாருங்கள். கூட்டிப் பார்ப்பது அப்புறம்.